மூலத்தில் இல்லாத அடிக்குறிப்பு

நீதிமன்ற வீதியில் நிழலில்லை.
போட்டோக்கொப்பிக் கடைக்குள் ஒரு மின்விசிறி,
அதுவும் தாள் பறக்கும் என்று
ஒன்றாம் இலக்கத்தில்.

"இலவசம் எண்டீங்களே" என்கிறாள் ஜெஸீமா.
ஆய்வு இலவசம்தான். யாரும் எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம்.
அச்சுக்குப் பக்கம் பதினைந்து ரூபாய்,
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸுக்கு வேறு.
இருபத்திரண்டு பக்கத்தில்
அவளுக்கு ஒன்பதாவது போதும்.

நான்கு மாதமாக இதைத் தமிழாக்கினேன்.
'போதைக்கு அடிமை' வேண்டாம் என்றார்கள்.
எனக்கும் பிடிக்காத சொல்;
எவருக்கு அடிமை, எந்தச் சந்தையில் விற்றது?
'பாவிப்பவர்' என்று போட்டேன்.
ஒருநாள் தட்டச்சில் கை தடுக்கிக்
கடைசி நாலெழுத்து விழுந்துபோக
திரையில் நின்றது: பாவி.
ஊர் இத்தனை காலமும் அப்படித்தான் வாசித்திருக்கிறது.

'விளக்கமறியல்', அதை நான் என்ன செய்ய?
சட்டம் தந்த சொல்.
பதினொரு மாதம் உள்ளே இருந்தவர்
மறியல் விளங்குது, விளக்கம் எப்ப வரும் என்று கேட்டார்.
கொழும்பிலிருந்து பகுப்பாய்வு அறிக்கை வரவேண்டும்,
நகக்கண்ணில் அடங்கும் பளிங்குத் துகளில்
எவ்வளவு அது,
எவ்வளவு அஜினமோட்டோ என்று.

ஒன்பதாம் பக்கத்தில் அவருக்குப் பெயரில்லை.
பங்கேற்பாளர் பதினான்கு. ஆண். முப்பத்தாறு.
கடல்தொழில் சார்ந்த தினக்கூலி.
பெயரை மறைப்பது நெறிமுறை; நானும் மறைத்தேன்.
ஜெஸீமா விரல் வைத்து வாசிக்கிறாள்.
மூன்றாம் வரியில் விரல் நிற்கிறது:
"என்ட வேலையே ஐஸ் உடைக்கிறதுதான் எண்டு சொன்னன்.
சிரிச்சிட்டு அப்படியே எழுதிட்டாங்க."
மீன்வாடியில் கட்டி ஐஸ் உடைத்தவர்.
"இது எங்கட ஆள்தான்" என்கிறாள்,
சனத்துக்குள் முதுகை வைத்தே
ஆளைக் கண்டுகொண்டவள்போல.

பிறகு ஐந்தாம் வரி.
'தடுப்பில் இருந்தபோது துன்புறுத்தல்: இல்லை.'
ஒன்றும் சொல்லவில்லை.
கையைத் தன் இடது காதில் வைத்தாள்.
"இந்தப் பக்கம் அவருக்கு இப்ப கேக்குதில்ல.
நீங்களும் இருந்தீங்கதானே?"

இருந்தேன்.
அந்த அறையில் கேள்வியைத் தமிழில் கேட்டது நான்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
கதவின் கீழிடுக்கைப் பார்த்தார்.
அங்கே இரண்டு சப்பாத்துகள்
அசையாமல்.
"இல்ல" என்றார்.
இல்லை என்கிறார், என்றேன் ஆங்கிலத்தில்.
துல்லியமான மொழிபெயர்ப்பு.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள்
பஸ் நிலையக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.
கறுப்பு வழிந்து கெட்ட ஒரு தாளைக்
கடைக்காரர் வெளியே எறிந்தார்.
சிறைக்குப் பதில் சிகிச்சை,
காவலுக்குள் ஒரு வைத்தியர்,
பரிந்துரைகள் முழுவதையும்
ஒரு புள்ளிமான் நின்று நிதானமாக மென்றது.
அதனிடம் யாரும் காசு கேட்கவில்லை.

அன்றிரவு உப்புவெளியில் கரண்ட் போய் வந்தபின்
ஒன்பதாம் பக்கத்தின் அடியில்
எறும்பளவு எழுத்தில் சேர்த்தேன்:
'இக்கேள்வியின்போது கதவுக்கு வெளியே
உத்தியோகத்தர் ஒருவர் நின்றிருந்தார். (மொ-ர்)'
பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன்.
பதில் வருமுன் ஏற்றிவிட்டேன்.
கோபிப்பார். மூலத்தைவிட நீளமான மொழிபெயர்ப்பு
நம்பத் தகாதது என்று
வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

விடிய ஜெஸீமாவின் அழைப்பு.
பதினேழாம் திகதி தவணை.
புதுப் பக்கத்தை லோயரிட்டக் காட்டலாமா?
காட்டலாம், யாரிட்டயும் காட்டலாம்,
எல்லாருக்கும் திறந்ததுதானே, என்றேன்.
ஆனா அது அவர் எண்டு மட்டும் சொல்லக்கூடாது.

அந்தப் பக்கம் ஒரு ஓட்டோ இரைந்துகொண்டு போனது.
பாங்குக்கு முன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.

"அப்ப," என்றாள்,
"யாரெண்டு சொல்ற?"